சம்ப்பிலும் கிணற்றிலும் சாக்கடை கலந்துவிட்டால்: தெருவே சேர்ந்து தண்ணீரைச் சரிசெய்வது எப்படி?

மழை விட்ட மூன்றாம் நாள் தெருவில் யாராவது ஒருவர் பிளீச்சிங் பவுடர் பையோடு கிளம்புவார். சம்ப் மூடியைத் திறந்து இரண்டு கை அள்ளிப் போடுவார். "சரி, இனிமே பயமில்ல" என்று மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. பவுடர் போடுவதில் குற்றமில்லை. ஆனால் அது ஐந்தாவது வேலை. அதை முதல் வேலையாகச் செய்வதால்தான் எல்லாம் கெடுகிறது.

சென்னையின் தென்புறநகரில் இருக்கும் எங்கள் தெருவில் இதை இரண்டு முறை செய்திருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தடவை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இன்னொரு தடவை. முதல் தடவை ஏகப்பட்ட குளறுபடி. இரண்டாவது தடவை வரிசை பிடிபட்டுவிட்டது. அந்த வரிசைதான் கீழே.

1. முதலில் குடிப்பதை நிறுத்துங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம்

தண்ணீர் நாறினாலோ, கலங்கி வந்தாலோ, தெருவில் இரண்டு வீட்டில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்தாலோ அன்றைக்கே நிறுத்த வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் குழந்தைகள் குடித்து முடித்திருப்பார்கள்.

குடிக்க, சமைக்க, பல் தேய்க்க, பாத்திரம் கடைசியாக அலச, இந்த நான்குக்கும் வேறு தண்ணீர் வேண்டும். பல் தேய்ப்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

காய்ச்சுவதென்றால் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்குவது போதாது. கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, அப்புறம் காய்ச்சுங்கள். படிகாரமோ தேற்றான்கொட்டையோ கலங்கலை அடியில் உட்காரவைக்கும், கிருமியைக் கொல்லாது. பானையில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் அப்படியே மொண்டு குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாக்கடை கலந்த தண்ணீரை அந்த இயந்திரத்துக்குள் விட்டால் உள்ளே இருக்கும் வடிகட்டிகளும் அழுக்காகும். வேலை முடியும்வரை அதன் குழாயை அடைத்து வையுங்கள்.

2. கலந்தது என்ன என்று தீர்மானியுங்கள்

இந்த வழிகாட்டி மலக்கழிவு, வெள்ளநீர் கலந்த தண்ணீருக்கு மட்டும்தான். குளோரினும் கொதிநீரும் கிருமிக்கு மருந்து, ரசாயனத்துக்கு அல்ல.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடு, நொய்யல் கரையில் சாயக்கழிவு இறங்கிய கிணறு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவு இறங்கிய கிணறு, யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தில் நடந்ததுபோல் எண்ணெய் கலந்த கிணறு எதற்கும் பவுடர் பயன்படாது. காய்ச்சினால் நீர் ஆவியாகி, உப்பும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் இன்னும் அடர்த்தியாகும். மண்ணெண்ணெய் வாசனை, மேலே வானவில் படலம், சாய நிறம் இதில் ஏதாவது தென்பட்டால் அந்தக் கிணற்றை மூடிவிட்டு ஆய்வகத்துக்குப் போங்கள்.

செப்டிக் டேங்க் பக்கத்தில் பல வருஷமாக இருக்கும் கிணறு என்றால் நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடும்.

3. தேவையானவற்றைச் சேர்த்துக்கொண்டு இறங்குங்கள்

டேப், சமையலறைத் தராசு, இரண்டு பிளாஸ்டிக் பக்கெட், கிளற மரக்குச்சி, நீளக் கைப்பிடி பிரஷ், தென்னந்துடைப்பம், ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, வாடகைக்கு ஒரு சேற்று பம்ப். இரும்பு பக்கெட் வேண்டாம், குளோரின் அரித்துவிடும்.

பிளீச்சிங் பவுடர் வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 33 சதவீதம் குளோரின் இருக்கும். திறந்து வைத்த மூட்டையில் நாளுக்கு நாள் அது போய்க்கொண்டே இருக்கும். கட்டி தட்டி ஈரமாக, வாசனையே இல்லாமல் இருந்தால் அது வெறும் சுண்ணாம்பு. நல்ல பவுடராக இருந்தாலும் 25 சதவீதம் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். கீழே உள்ள அளவுகள் எல்லாம் அந்தக் கணக்குத்தான்.

கடைசியாக ஒரு குளோரோஸ்கோப். தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்துப் பார்க்க உள்ளாட்சிக் குடிநீர்ப் பணியாளர்கள் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான். தெருவுக்கு ஒன்று போதும். அது இல்லாமல் வேலையைத் தொடங்கினால், முடிந்ததா இல்லையா என்று தெரியாமலே போய்விடும்.

4. கழிவு நுழையும் இடத்தைக் கண்டுபிடித்து அடையுங்கள்

எல்லோரும் தாண்டிப்போகிற படி இது. இதைச் செய்யாமல் சம்ப்பைக் கழுவினால், அடுத்த முறை தண்ணீர் விடும்போது மறுபடியும் அதே சாக்கடைதான் உள்ளே வரும்.

நம் ஊரில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி அழுத்தம் போய்விடுகிறது. அப்போது பக்கத்தில் தேங்கிய சாக்கடையை ஓட்டை வழியாகக் குழாயே உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு மேல் ஒரு வீட்டில் தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். அந்த ஒரு மோட்டாருக்காகத் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். தெருவில் சண்டை வந்தாலும் பரவாயில்லை, முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்தது இதுதான். தண்ணீர் முறை அன்று ஒவ்வொரு வீட்டிலும் முதல் பீச்சலில் ஒரு வெள்ளை பாட்டில், பதினைந்து நிமிடம் கழித்து இன்னொன்று. மேலே கதவு எண், நேரம். எல்லாவற்றையும் தெருவின் மேட்டிலிருந்து பள்ளம்வரை வீட்டு வரிசையில் ஒரு காம்பவுண்டுச் சுவர்மேல் அடுக்கினோம். நான்காவது பாட்டில்வரை தெளிவு. ஐந்தாவது டீத்தூள் வடிகட்டாத டீ மாதிரி. ஆறு, ஏழு, எட்டு எல்லாமே அதே நிறம். நான்காம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுவில் வீட்டு இணைப்புக் குழாய் ஒன்று சாக்கடைக் கால்வாய்க்குள்ளேயே படுத்திருந்தது, இணைப்பு விட்டுப்போயிருந்தது.

முதல் பீச்சல் மட்டும் நாறி அப்புறம் தெளிந்தால் ஓட்டை அருகில் இருக்கிறது. கடைசிவரை நாறினால் மேலே பெரிய குழாயில் இருக்கலாம். இரண்டையும் புகாரில் எழுதுங்கள். "தண்ணி நாறுது" என்று எழுதினால் லாரித் தண்ணீர் அனுப்பிச் சமாளித்துவிடுவார்கள். எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் நடுவில் என்று ஒரு படம் வரைந்து, பாட்டில்களின் போட்டோவோடு கொடுத்தால் தோண்ட ஆள் வருவார்கள்.

கிணற்றுக்குள் கசிவதென்றால் பெரும்பாலும் நிரம்பி வழியும் ஏதோ ஒரு செப்டிக் டேங்க்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் "உங்க டேங்க்தான் காரணம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அண்ணே, உங்க கிணத்தையும் சேத்து டெஸ்ட் பண்ணிடலாமா" என்று கேட்டால் அவரே டேங்க் மூடியைத் திறந்து காட்டுவார்.

5. காலி செய்து, தேய்த்து, அதன் பிறகே குளோரின்

காலி செய்யும் முன் சுற்றுமுற்றும் பாருங்கள். தெருவில் இன்னும் தண்ணீர் நிற்கிறதா? நின்றால் பொறுங்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது சம்ப்பைக் காலி செய்தால், வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் தரை விரிசல் விடும், சில சமயம் தொட்டியே மேலே எழும்பும். உறைக்கிணறு என்றால் உறை நகர்ந்துவிடும். இறைக்க இறைக்க அதே அழுக்கு மறுபடி ஊறவும் செய்யும்.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள்.

உள்ளே இறங்காதீர்கள். இதற்குப் பேரம் கிடையாது. சாக்கடை கலந்து மூடிக்கிடந்த தொட்டியில் விஷவாயு இருக்கலாம். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவது தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருஷமும் செய்தியாகிறது. விளக்கை இறக்கிப் பார்க்கிற பழைய முறை பிராணவாயு குறைவதை மட்டும்தான் சொல்லும், விஷவாயுவைச் சொல்லாது. எரிகிற வாயு இருந்தால் அந்த விளக்கே ஆபத்து. சம்ப்பை மேலிருந்தே நீளப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். இறங்கியே ஆகவேண்டிய கிணறு என்றால் காற்று அடிக்கும் பிளோயர், இடுப்புக்கயிறு, மேலே இரண்டு ஆள், இவற்றோடு வருகிற தொழில்காரரை அழையுங்கள். டீசல் பம்ப்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகையே ஆளைக் கொல்லும்.

அடியில் இருக்கும் வண்டல் முழுவதும் வெளியே வர வேண்டும். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. 1955 கடைசியில் டெல்லியில் யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் சாக்கடை புகுந்தது. கூடுதலாகக் குளோரின் போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாம் இரண்டு கை பவுடர் போட்டு எதைச் சாதிக்கப் போகிறோம்?

வண்டல் போன பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் பவுடர் கரைத்து, தெளிந்த நீரால் சுவரை மேலிருந்து கீழாகத் தேயுங்கள். அரை மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் அலசி, அதையும் இறைத்துவிடுங்கள். சம்ப்புக்கு இது போதும்.

கிணற்றை முழுசாகக் காலி செய்ய முடியாது. அதனால் அங்கே கணக்கு வேண்டும். வட்டக் கிணறு என்றால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 22-ஆல் பெருக்குங்கள். எல்லாம் அடியில். 4 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்றால் 4 × 4 × 10 × 22 = 3,520 லிட்டர். சதுரத் தொட்டிக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 200 கிராம். மேலே சொன்ன கிணற்றுக்கு 700 கிராம். இது கழுவுவதற்கான அளவு, குடிப்பதற்கான அளவு இல்லை.

பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பக்கெட் முக்கால்வாசி வரும்வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் உட்காரும். தெளிந்ததை மட்டும் இன்னொரு பக்கெட்டில் வடித்து ஊற்றுங்கள். 700 கிராமையும் ஒரே பக்கெட்டில் கரைக்க முடியாது, பக்கெட்டுக்கு 100 கிராம் என்று ஏழு தடவை செய்ய வேண்டும். பொறுமை வேண்டும்தான். எங்கள் தெருவில் ஒருவர் அவசரப்பட்டு ஐந்து கிலோவை அப்படியே கொட்டினார். இரண்டு வாரம் அவர் வீட்டில் மோட்டார் போட்டாலே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிதான் வந்தது. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வும் அடைத்துக்கொண்டது.

பவுடரோடு ஆசிட்டோ கழிப்பறை கிளீனரோ சேரவே கூடாது. நச்சுப் புகை வரும்.

ஊற்றிய பிறகு வாளியை மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். இதைச் சாயங்காலம் செய்து, இரவு முழுக்க, சுமார் 12 மணி நேரம், யாரும் எடுக்காமல் விடுங்கள். காலையில் குளோரின் வாசனை இருந்தால் வாசனை போகும்வரை இறைக்கலாம். வாசனை துளியும் இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். இரவிலேயே அழுக்கு அத்தனையையும் தின்றுவிட்டது என்று அர்த்தம். மறுபடி செய்ய வேண்டும்.

இறைக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றோரமோ, மீன் இருக்கும் குளமோ, செடியோ வேண்டாம். வெட்டவெளியில் ஒரு நாள் வெயிலில் நின்றால் குளோரின் போய்விடும்.

6. மேல் டேங்க், குழாய், கடைசியில் வடிகட்டி

சம்ப்போடு நிறுத்திவிடுவது அடுத்த பெரிய தவறு. அழுக்குத் தண்ணீர் ஏற்கெனவே மேலே ஏறி, குழாயெல்லாம் சுற்றிவிட்டது. தண்ணீர் போகிற திசையிலேயே சுத்தமும் போக வேண்டும்.

மேல் டேங்க்கைத் தேய்த்து, அடியில் உள்ள வடிகுழாய் வழியாக வெளியேற்றுங்கள். பிறகு 500 லிட்டர் நிரப்பி 100 கிராம் பவுடர் கரைத்த தெளிநீரைச் சேருங்கள். வீட்டில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாசனை வந்ததும் மூடுங்கள். வாஷிங் மெஷின் குழாய், மாடிக் கழிப்பறை, வாசல் குழாய் எதையும் விடாதீர்கள். குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விட்டுவிட்டுத் திறந்து விடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள், குழாயைத் திறந்து முகம் கழுவிவிடப் போகிறார்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் கடைசி. குளோரின் அதிகமான தண்ணீர் அதன் சவ்வைக் கெடுத்துவிடும். எல்லாம் முடிந்து, உள்ளே இருக்கும் கேண்டில், கார்பன் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிய பிறகே இணைக்க வேண்டும்.

7. அளந்து பார்த்துவிட்டுக் குடியுங்கள்

ஓட்டை அடைபடும்வரை தினமும் சம்ப்பில் 1,000 லிட்டருக்கு 8 கிராம் பவுடர் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளக்கலாம். தண்ணீர் கலங்கல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது இதில் நிபந்தனை. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால் நிம்மதி. சாதாரண நாளில் தர நிர்ணயம் கேட்பது குறைந்தது 0.2. 0.5-க்குக் குறைந்தால் அடுத்த நாள் பவுடரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பெட்டியில் நிறம் பார்க்கும்போது பின்னால் வெள்ளைத் தாள் பிடியுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. இளஞ்சிவப்பாகும் மாத்திரை வகையில் குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறமே வராமல் வெளுத்துவிடும். ஒன்றுமில்லை என்று நினைத்து இன்னும் பவுடர் போடுவார்கள். வாசனை இருந்தும் நிறம் வராவிட்டால் தண்ணீரை நல்ல தண்ணீரில் பத்து மடங்கு கலந்து மறுபடி பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து ஆய்வகம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் இருக்கிறது. கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் பாட்டில்தான் வேண்டும். அதில் குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும். வீட்டு பிஸ்லெரி பாட்டிலில் கொண்டுபோனால், வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று பொய்யான நல்ல முடிவு வரலாம். பாட்டில் அழுக்காக இருந்தால் பொய்யான கெட்ட முடிவும் வரலாம். ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுங்கள். 100 மில்லி தண்ணீரில், மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி இல்லவே இல்லை என்று வர வேண்டும். "கொஞ்சம்தானே இருக்கு" என்று ஒரு கணக்கு இதில் கிடையாது.

8. தெருவில் இருப்பவர்களைப் பட்டியல் போடுங்கள்

இதை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, தனியாக இருக்கும் வயதானவர் எந்த வீட்டில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சம்ப்பே இல்லாதவர்களையும் எழுதுங்கள். எங்கள் தெருக்கோடியில் கட்டடம் கட்டும் இடத்தில் தகரக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். 2015-இல் நாங்கள் வீடு வீடாகப் பவுடர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் தெருக்குழாயில் நேராகப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை. அவர்களுக்கு மூடி போட்ட டிரம், குளோரின் மாத்திரை, சொல்ல ஒரு ஆள், மூன்றும் வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பைக் கூட்டினால் ஆபத்து. மலத்தில் ரத்தம், சிறுநீர் போகாமை, குழந்தை சோர்ந்து கண் சொருகுதல், அரிசிக் கஞ்சி மாதிரி நிற்காமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தெருவில் இரண்டு மூன்று பேருக்கு வந்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ சொல்லிவிடுங்கள்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஈ கர்ப்பிணிகளின் உயிரையே எடுக்கக்கூடியது.

நோட்டை உடனே மூடிவைத்துவிடாதீர்கள். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடும். டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம் எடுக்கும். மஞ்சள் காமாலைக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். தண்ணீர் சரியாகி ஒரு மாதம் கழித்து ஒருவருக்குக் காமாலை வந்தால் அது பெரும்பாலும் பழைய தண்ணீரின் கணக்கு. இது தெரியாமல் "நீங்க போட்ட பவுடர்லதான் வந்துச்சு" என்று எங்களிடம் சண்டைக்கு வந்தவர் உண்டு. அன்றைக்கே குளோரோஸ்கோப்பை எடுத்துப்போய் அவர் வீட்டுக் குழாயில் அளந்து காட்டினோம். 0.5 இருந்தது. நோட்டில் அவர் மகன் பெயருக்கு நேரே தேதியை எழுதினோம். ஓட்டையை அடைத்து அது ஐந்தாவது வாரம்.